கொல்லையில் களை, கிளப்பில் கம்பளம்

மல்லாட்டைக் கொல்லையில் களைவெட்டிய யாரையும் கேளுங்கள், எந்தக் களை அதிகம் பாடுபடுத்தும் என்று. முதலில் கோரை என்பார்கள், அடுத்த மூச்சில் அருகு என்பார்கள். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்கு. அருகுக்கு மேலே ஓடும் கொடியும் உண்டு, கீழே ஓடும் தண்டும் உண்டு. களைக்கொட்டால் ஒரே போடாகப் போட்டால் ஒன்று நான்காகும், ஏனென்றால் அறுபட்ட ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடி. அதனால் உட்கார்ந்தபடியே நகர்ந்து, கணு விடாமல் பொறுக்கி, வரப்பில் போட்டுக் காயவிட வேண்டும். வடக்குத்தைச் சுற்றியுள்ள செம்மண் கொல்லைகளில் தை, மாசியில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெண்கள், அதிலும் பெரும்பாலும் எங்கள் சேரிப் பெண்கள். பூ விட்டு விழுது மண்ணில் இறங்கிவிட்டால் கொட்டு போடக் கூடாது, காய் போய்விடும். அதற்குள் முடிக்க வேண்டும். எந்தச் செடி எந்த நாளில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் செய்கிற வேலை இது. கூலிக் கணக்கில் இதற்குப் பெயர் 'திறனற்ற வேலை'.

இந்த அருகம்புல்லைத்தான் ஆங்கிலத்தில் பெர்முடா புல் என்கிறார்கள். தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டைலான். வெப்ப நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பெரும்பகுதி இந்தப் புல்லால் ஆனது, அல்லது இதன் கலப்பினங்களால் ஆனது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் க்ளென் பர்ட்டன் என்ற அறிவியலாளர் அருகம்புல்லை அதன் ஆப்பிரிக்க உறவுக்காரப் புல் ஒன்றோடு சேர்த்து, 1956இல் டிஃப்கிரீன், 1960இல் டிஃப்வே என்று ரகங்களை வெளியிட்டார். 1965இல் டிஃப்ட்வார்ஃப் வந்தது. மிகக் குட்டையாக வெட்டினாலும் சாகாமல் கம்பளம்போல் படர்கிற குள்ள ரகம் அது. எங்கள் பெரியம்மாக்கள் வேரோடு பிடுங்கி எறிகிற புல்லின் பேத்திதான் கிளப்புகளில் ராஜமரியாதையோடு வாழ்கிறது. பிள்ளையாருக்கு வைத்தால் அது பூசைப்பொருள். 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிறவர்களுக்கு அது மங்கலம். கொல்லையில் குனிந்திருப்பவருக்கு மட்டும் அது முதுகுவலி.

சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் கோல்ஃப் எதற்கு என்று சிலர் சிரிக்கலாம். நம்மில் யாரும் ஆடாத ஆட்டம்தான். ஆனால் அந்த மைதானத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கால் வைக்கிறவர் நம்மவர். உழைப்பைப் பற்றி ஆய்வு செய்கிறவன் என்ற முறையில், இந்த ஆட்டத்தின் உறுப்பினர் பட்டியலைவிட அதன் புல்லும் மணலும் எனக்கு அதிகம் சொல்வதாகப் படுகிறது.

கோல்ஃப் பராமரிப்பு நூல்களில் வசந்தகாலப் பணிகள் என்றொரு அதிகாரம் தவறாமல் இருக்கும். பனி உருகும் நாடுகளுக்காக எழுதப்பட்ட அதிகாரம் அது. குளிரில் உறங்கிய புல் விழிக்கும், மண் வெதுவெதுப்பாகும், மெல்ல மெல்ல வெட்டத் தொடங்கலாம் என்று சொல்லும். நம் பருவக் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். பெயரில் மட்டும்தான் இளமை. கத்திரி வெயில் இதற்குள்தான் வருகிறது. ஊட்டியில் கதை வேறு. அங்கே மார்கழி, தையில் உறைபனி விழும் காலைகளில் புல்லை மிதித்தாலே இலை நொறுங்கி, கால்தடம் அப்படியே கருகி நிற்கும். வெயில் ஏறிப் பனி கரையும் வரை யாரையும் உள்ளே விடக் கூடாது. மாசிக்குப் பிறகுதான் பழுப்பு பச்சையாகத் திரும்பும். சமவெளியில் அருகுக்கு அந்த உறக்கமே கிடையாது. பங்குனியிலிருந்து வெறிகொண்டு வளரும். அப்படி வளர்கிற காலத்தில்தான் அதைக் காயப்படுத்தலாம், ஏனென்றால் சீக்கிரம் ஆறிவிடும்.

காயப்படுத்துவது என்று சொன்னது உவமைக்காக அல்ல. மிதிபட்டு மிதிபட்டு இறுகிய தரையில் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. ஆகவே விரல் தடிமனுள்ள குழாய் ஊசிகளைத் தரையெங்கும் இறக்கி, மண்ணை உருளை உருளையாக உருவி எடுக்கிறார்கள். அந்தத் துளைகளில் சலித்த மணலைக் கொட்டித் துடைப்பத்தாலோ பாயாலோ தேய்த்து நிரப்புகிறார்கள். படுத்து ஓடும் கொடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி மெத்தைபோல் ஆகிவிட்டால் நோய் குடியேறும். அதைச் செங்குத்துக் கத்திகளால் கீறிவிடுகிறார்கள். இந்த வேலைகள் முடிந்த ஒரு வாரம் மைதானம் அம்மை போட்ட முகம்போல் இருக்கும். ஆட வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். பிறகு புல் பொங்கி வரும்போது அதே வாய்கள் 'இயற்கையின் அழகு' என்று பேசும்.

தினசரி வேலை இதைவிட நுட்பமானது. விடியலில் நீண்டு வளையும் கழியைத் தரையோடு வீசிப் புல்நுனியின் பனித்துளிகளைத் தட்டிவிட வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், வெட்டும் கத்தியும் வழுக்கும். பிறகு வெட்டு. குழி இருக்கிற வட்டப் பகுதியை, அதாவது கிரீனை, வளரும் பருவத்தில் நாள்தோறும் வெட்ட வேண்டும். நேற்று எந்தத் திசையில் வெட்டினார்களோ அதே திசையில் இன்று வெட்டினால் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பழகிவிடும், திசையை மாற்ற வேண்டும். இலையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் எடுத்தால் வேர் சுருங்கும். நண்பகல் வெயிலில் இலை மட்டும் குளிரும் அளவுக்குக் கொஞ்சமாகத் தெளிக்கலாம். மாலையில் தாராளமாக ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று மறுநாள் நோய் தெரியும்.

அடுத்தது மணல். பங்கர் என்றதும் நம் தலைமுறைத் தமிழருக்கு ஈழத்தின் பதுங்குகுழிதான் நினைவுக்கு வரும். உயிரைக் காப்பாற்ற வெட்டிய குழி அது. கோல்ஃப் அகராதியில் பங்கர் என்பது பந்து விழுந்தால் ஆடுகிறவரைத் திண்டாட வைப்பதற்காக வெட்டிய மணற்குழி. ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில் ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த பள்ளங்களிலிருந்து இது வந்தது என்பது அந்த ஆட்டக்காரர்கள் சொல்லும் கதை. அங்கே மணல் இயற்கையாக இருந்தது. மற்ற ஊர்களில் அதைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். குழியின் அடியில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர், சரிவில் அதைவிடக் குறைவாக. சித்திரையில் மாலை நேரம் கருமேகம் திரண்டு அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும் கோடை மழை இருக்கிறதே, அதுதான் பங்கரின் எதிரி. சரிவு மணலெல்லாம் அடிவாரத்துக்கு ஓடிவிடும், சரிவில் செம்மண் பல்லைக் காட்டும், அடியில் வண்டல் படிந்து வடிகால் அடைத்துக் குட்டையாகும். மறுநாள் விடிவதற்குள் தண்ணீரை இறைத்து, மேலே படிந்த வண்டலைச் சுரண்டி அகற்றி, மணலை மண்வெட்டியால் வாரி மறுபடி சரிவில் ஏற்றித் தட்டி, வாரியால் கோடு விழ இழுத்துச் சமப்படுத்த வேண்டும். வண்டலை எடுக்காமல் மணலோடு சேர்த்துக் கிளறிவிட்டால் பிறகு அது தண்ணீரே வடிக்காது, குழி முழுவதையும் மாற்ற வேண்டிவரும். விளிம்பிலோ நம் பழைய எதிரி அருகு காத்திருக்கும். இரண்டு வாரம் விட்டால் மணலுக்குள் கொடி ஓடிவிடும். மைதானத்தில் அது கம்பளம், அரை அடி தள்ளி மணலில் அதே புல் களை. கத்தியால் விளிம்பை அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மணல் என்றால் ஆறு. அமெரிக்கக் கோல்ஃப் சங்கத்தின் அளவுப்படி கட்டப்படும் கிரீனுக்கு அடியில் சரளைக்கு மேல் சுமார் 30 சென்டிமீட்டர் மணல் வேண்டும். 500 சதுர மீட்டர் கிரீன் ஒன்றுக்கு 150 கன மீட்டர். பதினெட்டுக் குழி மைதானத்துக்கு 2,700 கன மீட்டர், பங்கர் தனி. தென்பெண்ணையும் கெடிலமும் மணல் இழந்து மேடும் பள்ளமுமாகக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை.

ஆய்வுக்காக ஒரு கிளப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். முன்வாசலில் என்னைப் பார்த்ததுமே காவலர் 'வேலைக்கு வந்தவங்க கேட் அந்தப் பக்கம்' என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கமே போனேன், பேச வேண்டியவர்கள் அங்கேதான் இருந்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் புல் பார்க்கிற ஒருவர் தரையைக் காட்டிச் சொன்னார்: "புல்லு வெளுத்து, சாம்பல் பூத்தாப்ல நின்னா தாகம்னு அர்த்தம் தம்பி. கால வச்சு எடுங்க. அமுங்கின புல்லு நிமிரலன்னா இன்னிக்கு மத்தியானம் தாங்காது." நூல்களைப் புரட்டினால் இதே இரண்டு அறிகுறிகள்தான் எழுதப்பட்டிருக்கின்றன, நீலச்சாம்பல் நிறமும் நிமிராத கால்தடமும். எழுதியவருக்குப் பட்டம் இருக்கிறது. இவருக்கு ஒப்பந்தக்காரர் கொடுத்த சட்டை இருக்கிறது, முதுகில் ஒப்பந்தக்காரரின் பெயரோடு.

கிளப்புகளில் இவரைப் போன்றவர்களுக்கு 'மாலி' என்று பெயர். உடல்தான் இங்கே வேலை செய்கிறது, அறிவு வேறெங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கை இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தை 1864 முதல் பல பத்தாண்டுகள் பராமரித்த டாம் மாரிஸ் நெசவாளியின் மகன். மணல் தூவிப் புல்லைச் செழிக்க வைக்கும் முறையைப் பரப்பியவர் என்று இன்றும் கொண்டாடப்படுகிறார். அங்கும் வர்க்க வேறுபாடு கடுமைதான், கனவான்கள் கனவான்களாகவே இருந்தார்கள். ஆனாலும் அந்த மைதானத்தின் பதினெட்டாவது குழிக்கு அவர் பெயர் இருக்கிறது.

நமக்கு ஒரு டாம் மாரிஸ் இல்லையா? இருந்தார். புல்தரையிலிருந்து எழுந்து வந்தவர், ஆட்டம் வேறு. பல்வங்கர் பாலு 1876இல் பிறந்த சமார் சாதிக்காரர். புனேவில் பார்சி கிளப் ஒன்றில் ஆடுகளத்தைக் கூட்டிப் பெருக்கி உருளை இழுத்தார், மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளையர்களின் பூனா கிளப்பில் 4 ரூபாய். கோடு போடுவது, வலை கட்டுவது, உருளை இழுப்பது, அதற்கு மேல் துரைமார் பயிற்சி செய்ய மணிக்கணக்கில் பந்து வீசுவது. மட்டையை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை. ஆடுகளத்தை நாள்தோறும் தன் கையால் தடவிப் பார்த்தவனுக்குப் பந்து எங்கே குத்தினால் எப்படித் திரும்பும் என்று தெரிவதில் ஆச்சரியம் என்ன? 1911இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஊரில், அவர் யாருக்காக விளையாடினாரோ அந்த இந்து அணிக்காரர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் தேநீர் குடிக்க, இவருக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். அணித்தலைவர் பதவி கடைசிவரை வரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. இந்தக் கதையில் சாதி ஆடுகளத்துக்குள் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவரைப் புல்தரைக்கு அனுப்பியதும் அதுதான், தேநீர் அறைக்கு வெளியே நிறுத்தியதும் அதுதான்.

கடல் கடந்தும் இது நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்த பாப்வா சீவ்கோலம் டர்பனில் மட்டைப் பை சுமந்தவர். 1963இல் நேட்டால் ஓப்பன் பட்டத்தை வென்றார். கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையர் அல்லாதவர் நுழையக் கூடாது. வெள்ளையர்கள் உள்ளே இருக்க, வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் நிறவெறிக்கு எதிரான விளையாட்டுப் புறக்கணிப்புக்கு வலு சேர்த்தது. நிறவெறி என்றால் உலகத்துக்குப் புரிகிறது. பாலுவின் மண்குவளையைப் புரியவைக்க இன்னும் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

'அதெல்லாம் அந்தக் காலம்' என்பார்கள். 2017 ஜூனில் டெல்லி கோல்ஃப் கிளப்பின் உணவுக் கூடத்தில், விருந்தினராக அழைக்கப்பட்டு வந்திருந்த மேகாலயாவைச் சேர்ந்த காசி பழங்குடிப் பெண்ணை எழுந்து போகச் சொன்னார்கள். அவர் உடுத்தியிருந்தது அவருடைய மரபு உடையான ஜெயின்செம். பணிப்பெண் போல் இருக்கிறார் என்பதுதான் காரணம். இதே கிளப்பின் மைதானத்தில் 2008இலும் 2016இலும் பெரிய பட்டங்களை வென்றவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன், அங்கேயே பார்த்துப் பார்த்து ஆடக் கற்றவர். புல்காரரின் மகன் கோப்பையோடு வந்தால் கைதட்டுவார்கள். கோப்பை இல்லாமல் சாப்பிட வந்தவரின் உடையை அளப்பார்கள்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் சட்டமே போட்ட மாநிலம் என்று பெருமைப்படுகிறோம். 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கக் கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டிக்காகத் தடுப்பது குற்றம். நல்ல சட்டம்தான், வரவேற்போம். ஆனால் நீதிபதி தடுக்கப்பட்டதால்தான் சட்டம் வந்தது. லுங்கியோடு பின்வாசலில் நுழைந்து, சீருடை மாற்றி, வெயில் ஏறியதும் உறுப்பினர் கண்ணில் படாமல் மரத்தடிக்கு ஒதுங்குகிறவரை யாரும் தடுப்பதில்லை. அவர் உள்ளே வரத்தான் வேண்டும், இல்லாவிட்டால் புல் வளர்ந்துவிடும்.

புல் பார்க்கிற எல்லோரும் தலித்துகள் என்று நான் சொல்லவில்லை. பிற்படுத்தப்பட்டவர்களும் முஸ்லிம்களும் ஏராளம் பேர் இருக்கிறார்கள். டெல்லியில் மட்டைப் பை சுமக்கும் பையனாகத் தொடங்கி 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டம் வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார் அலி ஷேர். சாதி ஆளை மட்டும் அல்ல, வேலையையும் தரம் பிரிக்கிறது. மண்ணைத் தொடுகிற வேலையைத் தொடுகிறவரோடு சேர்த்துக் கீழே வைக்கிறது. வேலைப் பிரிவினை என்ற பெயரில் வேலை செய்கிற மனிதர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது இந்த அமைப்பு என்று அம்பேத்கர் 1936இல் வாதிட்டார். புல்தரையைப் பார்க்கும்போது அந்த வாதம் கண்முன் நிற்கிறது. திட்டமிடுகிறவர் ஓர் அடுக்கு, மேற்பார்க்கிறவர் ஓர் அடுக்கு, மருந்து தெளிக்கிறவர் கடைசி.

மருந்து என்று சொல்லிவிட்டதால் அதையும் பேசிவிடலாம். இத்தனை குட்டையாக வெட்டப்படும் புல் எப்போதும் நோயின் விளிம்பில் நிற்கும். பூஞ்சைக்கு, புழுவுக்கு, களைக்கு என்று மருந்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். 2025 மே மாதம் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கோல்ஃப் மைதானத்திலிருந்து ஒரு மைலுக்குள் வசிப்பவர்களுக்குப் பார்கின்சன் நோய் வரும் வாய்ப்பு, ஆறு மைலுக்கு அப்பால் இருப்பவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று கணக்கிட்டது. தொடர்பு என்றுதான் சொன்னது, காரணம் என்று நிறுவவில்லை. கணக்கெடுத்தது பக்கத்தில் வசிப்பவர்களை. கைத்தெளிப்பானை முதுகில் கட்டி, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காற்றடிக்கும் திசையைப் பார்த்து நடக்கிறவர் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறார்? தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடரின் உச்ச நேரத்தில்தான் இலையைக் குளிர்விக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். புல்லின் தாகத்துக்கு ஒரு அட்டவணை இருக்கிறது.

இப்போது கிண்டிக்கு வருகிறேன். 1945இல் குதிரைப் பந்தயக் கிளப்புக்கு 160 ஏக்கருக்கும் மேற்பட்ட அரசு நிலத்தை 99 ஆண்டு குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. பந்தயப் பாதையின் வயிற்றுக்குள் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. 730.86 கோடி ரூபாய் வாடகை பாக்கியைக் கட்டச் சொல்லி 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பர் 9 அன்று அரசு அந்த நிலத்துக்குச் சீல் வைத்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு ஊட்டியிலும் 52 ஏக்கர் பந்தய மைதானத்தை மீட்டது. இரண்டு இடத்திலும் பசுமைப் பூங்கா என்றார்கள். கிண்டியில் வேளச்சேரி வெள்ளத்தைத் தணிக்கக் குளங்களும் வெட்டினார்கள். நான் இதை மனதார ஆதரிக்கிறேன். சென்னையின் நடுவில், வாடகையே இல்லை என்று சொல்லத்தக்க தொகைக்குச் சிலர் குதிரையும் பந்தும் ஓட்டிக்கொண்டிருக்க, வேளச்சேரியில் இடுப்பளவு நீரில் மக்கள் நின்றார்கள். அது முடிவுக்கு வர வேண்டியதுதான்.

ஆனால் அந்த நாட்களின் விவாதங்களைக் கவனித்தவனாக எனக்கு ஒரு நெருடல். குத்தகை பேசப்பட்டது, கோடிகள் பேசப்பட்டன, பாரம்பரியம் பேசப்பட்டது. குதிரைகள் என்ன ஆகும் என்று கவலைப்பட்டவர்கள்கூட இருந்தார்கள். அந்தத் தரையின் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தச் சரிவில் மண் கரையும், எந்தப் பட்டத்தில் எந்த நோய் வரும் என்று ஆண்டுக்கணக்கில் காலால் அறிந்தவர்கள் அந்தப் பேச்சில் இல்லை. நம் பக்கத்து முற்போக்காளர்களும் 'மேட்டுக்குடி ஆட்டம் ஒழிந்தது' என்று கைதட்டியதோடு நிறுத்திக்கொண்டோம். ஆட்டம் ஒழியலாம், தரை இருக்கிறது. பூங்காவானாலும் புல் வளரும், கோடை மழை மண்ணை அரிக்கும், குளத்தின் கரை சரியும். அதே கைகள்தான் மறுபடி தேவைப்படும். இந்த முறை அவர்களைக் கூப்பிடப் போவது கிளப் அல்ல, அரசு. அப்போதும் ஒப்பந்தக்காரர் வழியாக, 'திறனற்ற' பிரிவில், தினக்கூலியாகக் கூப்பிட்டால் நிலத்தின் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியிருக்கும்.

நெய்வேலியின் விளிம்பில் பிறந்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். 1956இல் நிறுவனம் வந்தபோதிலிருந்து இங்கே நிலம் பொதுக் காரியத்துக்காகத்தான் எடுக்கப்படுகிறது. நகரியத்துக்குள் நிழல்மரச் சாலைகளும் பூங்காக்களும் புல்தரைகளும் இருக்கின்றன, நான் அவற்றில் விளையாடி வளர்ந்தவன், அழகானவைதான். 2023 ஜூலை இறுதியில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, நின்றுகொண்டிருந்த நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. கையகப்படுத்தி ஆண்டுகள் ஆன நிலம் என்றது நிர்வாகம். பயிர் அறுவடையாகும் வரையாவது பொறுத்திருக்கக் கூடாதா என்று நீதிபதியே வேதனைப்பட்டார். தாவரவியலில் நெல்லும் புல்தான், அருகும் புல்தான், ஒரே குடும்பம். ஒன்றின் இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்று பாடம் எழுதியிருக்கிறார்கள்.

2023 செப்டம்பர் 17 அன்று கொழும்பில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டி. நாட்கணக்கில் மழை. தார்ப்பாயை இழுத்துப் போட்டும் எடுத்தும் அந்தத் தொடரைக் காப்பாற்றியவர்கள் மைதானப் பணியாளர்கள். ஆட்ட நாயகன் முகமது சிராஜ் தன் 5,000 டாலர் பரிசை அவர்களுக்கே கொடுத்தார். அடுத்த ஆண்டு ஐ.பி.எல்.லின் வழக்கமான மைதானங்களின் பணியாளர்களுக்கு இடத்துக்கு 25 லட்சம் ரூபாய் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. சிராஜின் மனசு பெரிது. ஆனால் ஒருவரின் பெருமனதை நம்பி இன்னொருவர் அடுப்பெரிக்க முடியாது. பரிசு கொடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியும். வாங்கியவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா?

கேட்க வேண்டியவை எளியவை. ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்த 1970இல் வந்த சட்டம், ஒரு வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாமா என்று முடிவு செய்யும் முன் அது ஆண்டு முழுவதும் நடக்கும் வேலையா என்று பார்க்கச் சொன்னது. புல்லுக்கு விடுமுறை கிடையாது. பூங்காவோ மைதானமோ நகரியமோ, புல்தரை வேலை நிரந்தர வேலை. அது திறன் வேலையும்கூட. மண்ணின் ஈரத்தைக் காலால் அளக்கிறவரைத் திறனற்றவர் என்று எழுதும் கை எதை வைத்து அளந்தது என்று கேட்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழகம் புல்தரை மேலாண்மைக்குச் சான்றிதழ் கொடுப்பதானால், இருபது ஆண்டு அனுபவத்துக்கே அதைக் கொடுக்கட்டும். வகுப்பெடுக்கவும் அவர்களையே கூப்பிடட்டும். மருந்து தெளிக்கிறவருக்கு முகக்கவசமும் ஆண்டுக்கொரு முறை நரம்பு, நுரையீரல் பரிசோதனையும் வேண்டும். சித்திரை, வைகாசியில் நண்பகல் வேலைக்கு நிழலும் இடைவேளையும் வேண்டும்.

பூங்கா பராமரிப்புக்கு டெண்டர் விடும்போது அந்த ஆவணத்தில் புல் ரகம் இருக்கும், வெட்டும் உயரம் மில்லிமீட்டரில் இருக்கும், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்பது இருக்கும். ஆட்கள் என்ற தலைப்பின் கீழே எத்தனை பேர், எந்தப் பிரிவு, என்ன கூலி என்று இரண்டு மூன்று வரிகள் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டினால் அந்த வரிகள் கைக்கு வரும். சென்னையில் இருக்கும் தோழர்கள் கிண்டிக்குப் போடுங்கள். ஊட்டிக்கு நான் போடுகிறேன்.